திங்கட்கிழமை அழைப்பு



மாத்தளை நகருக்கு மேற்கே, மிளகும் கொக்கோவும் இறப்பரும் தேயிலையும் கலந்து வளரும் மலைச்சரிவுகளின் நடுவே அமைந்திருக்கிறது யட்டவத்த. அப்பிரதேசத்துத் தோட்டம் ஒன்றின் சிற்றாலயத்தில், மாதமொருமுறை நடைபெறும் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், கொழுந்து பறிக்கும் ஒரு தாய் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். பங்குத்தந்தையிடம் கேட்க வெட்கமாக இருந்ததாம். மறைக்கல்வி கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் கேட்பது அவருக்குச் சற்று எளிதாகத் தோன்றியிருக்கலாம். அவர் சொன்னதை இவ்வாரம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களுள் பலருடைய இல்லங்களிலும் வேறு வேறு வடிவங்களில் இதே கவலை இருக்கிறது என்பதை நான் அறிவேன்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரமாயிரம் மலையகக் குடும்பங்களுள் அத்தாயின் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. முதலில் நீலகிரியிலும் பின்னர் கோயம்புத்தூரிலும் அவர்கள் வாழத் தலைப்பட்டனர். அங்கே ஒரு தலைமுறை கழிந்தபின் அக்குடும்பம் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு நீங்கி, மோர்மன் சபை என நாம் பொதுவாக அழைக்கும் சபையில் சேர்ந்துவிட்டது. இப்போது பெரியப்பாவின் பேரன், இருபது வயது இளைஞன், அச்சபையின் மறைப்பணியாளனாகப் பெங்களூரில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு வீடு திரும்பமாட்டான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெற்றோருடன் தொலைபேசியில் பேசுகிறான். அவ்வழைப்பில் சில வேளைகளில் யட்டவத்தவிலுள்ள அத்தையின் குடும்பத்தையும் இணைத்துக்கொள்கிறார்கள்.

"சேர், நாங்க பறிக்கிற கொழுந்துல ஊத்துன தேத்தண்ணியக்கூட அவன் குடிக்க மாட்டானாம்" என்று அந்தத் தாய் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கவலை தேநீரைப் பற்றியதன்று. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நகரத்துக் கடையொன்றில் வேலை செய்யும் அவரது மகன், உறுதிபூசுதல் பெற்ற நாளுக்குப் பிறகு ஆலயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது மிக அரிது. அத்தகையவன், திங்கட்கிழமை மாலைகளில் மட்டும் நேரத்தோடு வீடு வந்து, தன் மாமா மகன் பேசுவதைக் கூர்ந்து கேட்கிறான். ஒருநாள் தாயிடம் அவன் கேட்டானாம்: "மச்சான்கிட்ட அவங்க ரெண்டு வருஷம் கேட்டிருக்காங்க. நம்ம கோயில்ல என்கிட்ட யாரு என்ன கேட்டாங்க?"

இக்கேள்விக்கு விடை சொல்லுமுன், அந்த மச்சானின் வாரம் எவ்வாறு கழிகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று.

மோர்மன் இளைஞன் ஒருவன் மறைப்பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் எங்கே செல்வது என்பதை அவன் தெரிவுசெய்வதில்லை. சபையின் தலைமையிலிருந்து வரும் கடிதமே இடத்தைக் குறிப்பிடும். இளைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள், இளம் பெண்களுக்குப் பதினெட்டு மாதங்கள். ஆண்களுக்கான வயது 19ஆக இருந்ததை 2012இல் 18ஆகக் குறைத்தார்கள். சம்பளம் கிடையாது. தானோ தன் குடும்பமோ சேமித்த பணத்தில்தான் அவன் பணிசெய்ய வேண்டும். வசதியற்றோருக்குச் சபை உதவும். இவ்வாறு உலகெங்கும் பணியிலிருப்போர் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர்.

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்பு நிறப் பெயர்ப்பட்டை. அதில் இயற்பெயர் இராது. 'எல்டர்' என்ற சொல்லும் குடும்பப் பெயருமே இருக்கும். எல்டர் என்றால் மூப்பர் என்று பொருள். மீசை அரும்பும் வயதில் மூப்பர்! காலை ஆறரை மணிக்கு எழுவது, சிறிது உடற்பயிற்சி, செபம், வேதநூல் வாசிப்பு, தோழனுடன் சேர்ந்து படிப்பு, மொழி தெரியாதவனாயின் மொழிப் பயிற்சி. பத்து மணியளவில் வெளியே சென்றால் இரவுதான் திரும்புவது. பத்தரை மணிக்கு விளக்கணைத்துவிட வேண்டும் என்பது நெடுங்கால ஒழுங்கு. நாட்டிற்கும் சூழலுக்கும் ஏற்ப நேரங்கள் சற்று மாறும். எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். அந்தத் தோழனைக்கூட அவன் தெரிவுசெய்வதில்லை. சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை தோழன் மாற்றப்படுவான். திரைப்படம் இல்லை, காதல் இல்லை, மது, புகை, கோப்பி, தேநீர் எதுவும் இல்லை. இந்த உணவு ஒழுங்கு, சபையின் நிறுவுநரான ஜோசப் ஸ்மித் 1833ஆம் ஆண்டில் அறிவித்த விதியிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை பொதுவாக அவர்களுடைய ஆயத்த நாள். துணி துவைத்தல், கடைக்குச் செல்லுதல், முடிவெட்டுதல், வீட்டாருடன் பேசுதல் எல்லாம் அன்றுதான். 2019ஆம் ஆண்டு பெப்ரவரி வரை இதுவும் இல்லை. வாரமொரு மின்னஞ்சல் எழுதலாம். குரலைக் கேட்பது நத்தாருக்கும் அன்னையர் தினத்திற்கும் மட்டுமே. செவ்வாய் முதல் சனி வரை, அறிமுகமானவர்களின் வீடுகளுக்குச் சென்று போதித்தல், முதியவர்களுக்கு உதவுதல், வருவேன் என்று சொல்லி வராத மனிதருக்காகப் பேருந்துத் தரிப்பிடத்தில் காத்திருத்தல். அந்த மச்சான் தொலைபேசியில் அதிகமாகப் பேசுவது இந்தக் காத்திருத்தலைப் பற்றித்தானாம். ஒரு வாரத்தில் ஐந்து வீடுகளில் நேரம் கேட்டிருந்தார்கள். நான்கு வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஐந்தாம் வீட்டில் இருந்த முதியவர், மருந்துச் சிட்டையை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். அன்று அவர்கள் செய்த மறைப்பணி அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் அப்பமும் தண்ணீரும் பகிர்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரு வேளை உணவைத் தவிர்த்து, அதன் பெறுமதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஒழுக்கம் வேறு, விசுவாசம் வேறு. 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் நிறுவப்பட்ட இச்சபை, இயேசு கிறிஸ்துவின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியிருப்பினும், நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசத்தினின்று அடிப்படையிலேயே விலகி நிற்கிறது. தந்தை, மகன், தூய ஆவியார் என்போர் ஒரே கடவுள் என்று நாம் விசுவசிக்கிறோம். அவர்களோ நோக்கத்தில் ஒன்றித்த மூன்று தனித்தனி ஆள்கள் என்கின்றனர். தந்தையாம் கடவுளுக்கு உடல் உண்டு என்றும் போதிக்கின்றனர். திருத்தூதர்களின் மறைவுக்குப் பின் உண்மையான திருச்சபை உலகிலிருந்து அற்றுப்போயிற்று என்பதும், அது ஜோசப் ஸ்மித் வழியாகவே மீண்டும் நிலைநாட்டப்பட்டது என்பதும் அவர்களது கொள்கை. திருவிவிலியத்தோடு மோர்மன் நூலையும் இறைவார்த்தையாக ஏற்கின்றனர்.

ஆகவேதான் 2001ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், மோர்மன் சபையில் பெறும் திருமுழுக்கு செல்லாது என்று பதிலளித்தது. அதில் ஒப்பமிட்டவர், பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர். அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் பெற்ற திருமுழுக்கை நம் திருச்சபை ஏற்பது போன்ற நிலை இதுவன்று. நீர் அதுவே, சொற்களும் ஏறத்தாழ அவையே. ஆயினும் அச்சொற்களால் அவர்கள் குறிக்கும் கடவுள் வேறு என்பதே அதன் காரணம். இதில் நடைமுறை விளைவும் உண்டு. ஒரு கத்தோலிக்கர் மோர்மன் ஒருவரை மணக்க விரும்பினால், அது திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதாகவே கொள்ளப்படும். ஆயரின் விலக்கு இன்றி அத்திருமணம் செல்லுபடியாகாது. வெளிநாடுகளில் உறவினர் உள்ள பெற்றோர் இதை அறிந்திருப்பது அவசியம். மண்டபத்திற்கு முற்பணம் கட்டிய பிறகு பங்குத்தந்தையிடம் ஓடிவருவோரை நான் கண்டிருக்கிறேன்.

அப்படியாயின் அந்த இளைஞனின் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டியதுதானா? அத்தாயின் அயலவர் அவ்வாறே ஆலோசனை கூறியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2004ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பாராளுமன்றத்திற்குக் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது கத்தோலிக்க ஆயர்கள் அதை எதிர்த்தார்கள். மனச்சான்றின் சுதந்திரத்தை அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை உறுதிசெய்கிறது என்று நாமும் பேசினோம். 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திரப் பிரகடனமும் அதையே போதிக்கிறது. நமக்கு ஒரு நீதியும், பெங்களூரில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஓர் இளைஞனுக்கு வேறொரு நீதியும் இருக்க முடியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் அச்சபையின் அன்றைய தலைவர் ரசல் நெல்சனை வத்திக்கானில் வரவேற்றுப் பேசினார். கோட்பாட்டில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்காமல் மனிதரை வரவேற்கலாம் என்பதற்கு அது போதிய சான்று.

வரவேற்கப்படாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. இது பலருக்குத் தெரியாத செய்தி. 1853ஆம் ஆண்டிலேயே மோர்மன் மறைப்பணியாளர்கள் நம் தீவில் கால் பதித்திருக்கிறார்கள். சோல்ட் லேக் நகரிலிருந்து சியாம் தேசத்திற்கென அனுப்பப்பட்டு, கல்கத்தா வரை வந்து, அப்பால் செல்ல வழியின்றி இலங்கைக்கு வந்தவர்கள் சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூவி என்னும் இருவர். வெஸ்டுக்கு அப்போது வயது 26. அவர்களைப் பற்றிய எதிர்ப்பு அவர்களுக்கு முன்னரே இங்கு வந்து சேர்ந்திருந்தது. கேட்பாரின்றி அவர்கள் பம்பாய்க்குச் சென்றார்கள். அதே ஆண்டில் மதராசுக்குச் சென்ற ரிச்சர்ட் பாலன்டைன் அங்கே ஒரு சிறு பத்திரிகையையும் அச்சிட்டு வெளியிட்டார். ஓராண்டில் அவரும் திரும்பிவிட்டார். சங்கப் பாடசாலைகளும் ஆலயங்களும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெறும் கையுடன் வந்து வெறும் கையுடன் போனார்கள்.

வெறும் கையுடன் வந்தவர் என்றதும் உங்கள் நினைவுக்கு வேறொருவர் வந்திருப்பார். 1687இல், ஒல்லாந்தர் நம் குருக்களை விரட்டியடித்திருந்த காலத்தில், கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார் கோவாவில் பிறந்த புனித யோசப் வாஸ் அடிகளார். அவருக்கு அழைப்புக் கடிதம் எழுதியவர் எவருமில்லை. தமிழையும் சிங்களத்தையும் கற்றார். 1692இல் கண்டிக்குள் நுழைந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று சிறைபிடிக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் தத்தம் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான அருட்தந்தை யோசப் கர்வாலோவும் அந்நோயாளிகளைத் தேடிச் சென்று கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். இங்கும் இருவர்! கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, நம் தோட்டங்களிலிருந்தும் மக்கள் சென்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மாத்தளையும் அவர் பணியாற்றிய கண்டி இராச்சியத்தின் பகுதியே. 1740களில் குருக்கள் அந்த இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னரும், நம் மாவட்டத்து வஹாக்கோட்டை மக்கள் அந்தோனியாரின் திருச்சுரூபத்தைச் சூழ்ந்து விசுவாசத்தைக் காத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு செல்வத்தை வைத்திருக்கும் நாம், நம் பிள்ளைகளிடம் என்ன கேட்கிறோம்? வாசகரே, உங்கள் இல்லத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நற்கருணைக்கு வெள்ளை உடை தைக்கிறோம். உறுதிபூசுதலுக்குப் படம் எடுக்கிறோம். அதற்கு மறுவாரமே ஞாயிறு காலை தனியார் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். கணிதம் தவறினால் வாழ்க்கை தவறிவிடும் என்று அஞ்சுகிறோம். திருவிழாவுக்குக் கொடி கட்டவும் நாற்காலி அடுக்கவும் மட்டும் இளைஞர்களைத் தேடுகிறோம். தேர் இழுத்து முடிந்ததும் அவர்களை மறந்துவிடுகிறோம். ஒன்றும் கேட்காதிருப்பதே அன்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளையோ, தன்னிடம் கேட்கத்தக்கது எதுவும் இல்லையென்று பெரியவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள் என எண்ணிக்கொள்கிறான். அவன் மோர்மன் கோட்பாட்டில் மயங்கவில்லை. அக்கோட்பாடு இன்னதென்று அவனுக்குத் தெரியவே தெரியாது. யாரோ ஒருவர் தன் வயதினனை நம்பி ஒரு பாரத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்பதுதான் அவனை ஈர்த்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது அந்த ஒழுங்கின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. போகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அச்சபையின் குடும்பங்களில் இளைஞர்மீது பெரும் அழுத்தமாக விழுவதுண்டு. நோயினாலோ மனச்சோர்வினாலோ இடையில் வீடு திரும்புவோர் வெட்கத்தைச் சுமந்து வாழ நேரிடுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஆண்டுக்கு இருமுறை மட்டுமே தாயின் குரலைக் கேட்க வேண்டும் என்ற பழைய விதி எனக்குக் கடுமையாகவே தோன்றுகிறது. அதை அவர்களே மாற்றிக்கொண்டது நல்லது. ஆகவே அவர்களுடைய அட்டவணையை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளின் கழுத்தில் மாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அதற்குத் தேவையும் இல்லை. சீடர்களை இருவர் இருவராக அனுப்பியவர் நம் ஆண்டவர். மரியாயின் சேனை 1921இல் டப்ளின் நகரில் தொடங்கப்பட்ட நாள் முதல் அதன் உறுப்பினர் இருவர் இருவராகவே வீடு சந்திக்கிறார்கள். ஏழைகளை நாடிச் செல்லும் வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிஸில் தொடங்கிய பிரெடரிக் ஓசானாமுக்கு வயது இருபது. அந்தப் பெங்களூர் இளைஞனின் அதே வயது! கேரளத்தில் எழுந்த ஜீசஸ் யூத் இயக்கத்தில் இளைஞர்கள் தம் வாழ்வின் ஓராண்டை முழுநேரப் பணிக்குக் கொடுக்கிறார்கள். 2016இல் வத்திக்கான் அதற்கு அங்கீகாரமும் அளித்தது. அவ்வளவு தூரமும் போகவேண்டாம். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் உபதேசியார் என்று ஒருவர் இருந்தார். குரு வராத வாரங்களில் லயம் லயமாக நடந்து, செபங்களைச் சொல்லிக்கொடுத்து, நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து, இறந்தவருக்குச் செபமாலை சொன்னவர் அவரே. என் பாட்டனாருக்கு 'விசுவாச மந்திரம்' சொல்லிக்கொடுத்தவர் எழுத்தறிவு குறைந்த ஓர் உபதேசியார்தான். இன்று பல தோட்டங்களில் அவ்விடம் வெறுமையாகக் கிடக்கிறது. நம் பெரிய குறை, அவ்விடத்தை நிரப்பும்படி ஓர் இளைஞனிடமும் நாம் கேட்கவில்லை என்பதே.

இரண்டு ஆண்டுகள் வேண்டாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பத் தெரியாத முதியவருக்கு அதை நிரப்பிக் கொடுக்கலாம். திருப்பலிக்கு வரமுடியாத பாட்டிக்கு அந்த ஞாயிற்றின் நற்செய்தியை வாசித்துக் காட்டலாம். இவற்றுக்குப் பட்டமோ பணமோ தேவையில்லை. ஆனால் கேட்பவர் ஒருவர் தேவை. பங்குத்தந்தை கேட்பார் என்று பெற்றோரும், பெற்றோர் அனுப்புவர் என்று பங்குத்தந்தையும் காத்திருந்தால், திங்கட்கிழமை அழைப்பு மட்டுமே மிஞ்சும்.

அந்தத் தாயிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. அழைப்பைத் துண்டிக்க வேண்டாம், மருமகனிடம் அன்பாகப் பேசுங்கள், அவன் தேநீர் குடிக்காததைப் பரிகசிக்க வேண்டாம் என்றேன். அவர்களுடைய கூட்டத்திற்கு மகன் போக விரும்பினால், அதற்கு முன் ஒரு மாலை என்னிடம் அனுப்பும்படியும், நாம் எதை விசுவசிக்கிறோம் என்பதை அவனுடன் உட்கார்ந்து பேசுவதாகவும் கூறினேன். பின்னர் அவன் வேலைசெய்யும் கடையின் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்கடைக்குச் சென்றேன். சீனி ஒரு கிலோ வாங்கினேன். மேல்லயத்தில் பார்வை மங்கிய முதியவர் ஒருவர் இருக்கிறார், மாத்தளை வைத்தியசாலைக்கு மாதந்தோறும் கண் கிளினிக்குக்குப் போகவேண்டும், துணைக்கு ஆளில்லை, என் முழங்கால் மேட்டில் ஏற மறுக்கிறது, நீ போய்வருவாயா என்று கேட்டேன். சீனிப் பையை நூலால் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "தனியாவா சேர்?" என்றான். இல்லை, உனக்குப் பிடித்த ஒருவனை அழைத்துக்கொள் என்றேன். கிளினிக் நாள் எது என்று கேட்டான். கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் குறித்துக்கொண்டான்.